எங்கள் ஊர்க் குருவி முறை

என் பிள்ளை அமலிக்கு ஏழாவது மாதம் நடக்கிறபோது, புரட்டாசி கடைசியில் ஒரு விடியலில், வடக்கேயிருந்து வந்த ஆறுமணிக் குருவி ஒன்று எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, சுவரில் ஒரு தடவையும் காலண்டரில் ஒரு தடவையும் மோதித் தூளிக்குள் விழுந்தது. நான் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் துணியை விலக்கியபோது பிள்ளையும் குருவியும் முகத்துக்கு முகம் பார்த்தபடி படுத்திருந்தார்கள், இரண்டு நெஞ்சும் ஒரே வேகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, அன்றிலிருந்து குருவிக்கு நடந்ததெல்லாம் பிள்ளைக்கும் நடந்தது.

வருடாவருடம் அந்த மாதத்தில் எங்கள் ஊர் சிப்பிக்காட்டில் நாலு வீட்டிலாவது, காலை மாலை ஆறு மணிக்குக் கத்துகிற இந்தக் குருவி ஒன்று இப்படி வந்து விழும். ராத்திரியெல்லாம் பறந்த களைப்பு. தண்ணீர் காட்டி வேலியோரம் விட்டுவிடுவோம். இதையும் அப்படித்தான் விட்டேன். முதுகு பச்சை, வயிறு சந்தனம், வாலுக்கடியில் குங்குமம், கண்ணுக்கு மை இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு, வால் மட்டும் துணி போதாமல் தையல்காரர் பாதியில் விட்டதுபோல மொட்டை. தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டி ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது. உள்ளே தூளியில் அமலி சப்புக்கொட்டி ஏப்பம் விட்டாள். ஏப்பத்தில் ஈரமண் வாடை அடித்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி அக்காவின் பூனை குருவிமேல் பாய்ந்தது. குருவி இடது இறக்கையில் ஒரு இறகை இழந்து தப்பித்தது. அதே நேரத்தில் என் மடியில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதாள். பார்த்தால் இடது கையில் மூன்று நகக்கீறல், அதில் முத்து முத்தாக ரத்தம். மறுநாள் ஊசி போட வந்த நர்ஸம்மா பிள்ளையின் தொடையில் குத்தியபோது வேலிக்குள்ளிருந்து குருவி கத்தியது. நர்ஸம்மா பஞ்சை அழுத்திக்கொண்டே வேலியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"அடுத்த ஊசிக்கு அதையும் கிட்டக்க வச்சிக்கம்மா. சொல்லாம கொள்ளாம குத்துனா அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்று சொல்லிவிட்டு அட்டையில் தேதி போட்டுக் கொடுத்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கான்வென்ட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் வரிசைதான்: முதலில் கை கழுவு, பிறகு சிலுவை போடு, பிறகு சாப்பிடு, முதலில் தேதி எழுது, பிறகு தலைப்பு, பிறகு கட்டுரை. பிள்ளையைப் பெற்ற அன்றே அந்த வரிசை போய்விட்டது. அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. இப்போது அவள் உயிர் தூளியில் பாதியும் சீமைக்கருவை வேலியில் பாதியுமாகக் கிடந்தது.

இது எப்படி நடந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. குருவியை யார் எப்போது பார்ப்பது என்றுதான் கேட்டார்கள். உப்பளத்தில் வேலை ஓய்ந்து, உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்துக் கீற்று வேய்ந்து மூடிவிட்டு, மழை வரும் வரும் என்று எல்லாரும் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிற மாதம் அது. பாத்திக்குக் கடல்தண்ணீர் விட யார் எந்த நேரம் மடை திறப்பது என்று எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வீடு மாறும், கல்யாணமானாலும் சாவானாலும் தவறாது. ஜெகபர் பாய் தன் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே இன்னொரு தாளை ஒட்டினார். தண்ணி முறை மாதிரியே குருவி முறை. அதே வீடுகள், அதே நேரம். மடை திறக்க வேண்டியவர்கள் வேலியோரம் உட்கார்ந்து குருவியைப் பார்த்தார்கள்.

ஊரில் பதினொரு பூனைகள். பகலில் அவற்றின்மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்து மூடினார்கள். கோழிகள் வெளியே நின்று கூடைகளைச் சுற்றி வந்து பார்த்தன. உண்டிவில் வைத்திருந்தவர்கள் டீக்கடை பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வெடியை அடுத்த ஊர் எல்லையில் போட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மணிக்கொரு தகவல் வந்தது.

"எமல்டா, குருவி இப்ப குருசடிக்குப் பின்னால. எலை பொரட்டுது."

"குளிச்சிச்சி. பிள்ளைக்குத் தலைய தொவட்டு."

போய்ப் பார்த்தால் அமலியின் முடி நனைந்திருக்கும்.

அதுவரை எங்களுக்குக் கொக்கு என்றால் கொக்கு, குருவி என்றால் குருவி. ஒரு குருவியைப் பார்க்க உட்கார்ந்தால் கண் சும்மா இருக்குமா, பக்கத்தில் இருப்பதையும் பார்த்தது. வனத்துறை வாட்ச்சர் குணசீலன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னார். பத்தே நாளில் டீக்கடைப் பேச்சே மாறிவிட்டது.

"கொடிக்கால் வாலாட்டி வந்திருச்சி பாய். மத்த வாலாட்டியெல்லாம் வால மேலயும் கீழயும் ஆட்டுதுன்னா, இது இடுப்ப அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுது."

"உன் மச்சினி நடைன்னு சொல்லு."

"என் மச்சினி நடைய நீங்க எதுக்கு பாய் பாத்தீங்க?"

"முறை போட்டுப் பாக்கல, பயப்படாத."

தையல்நாயகி அக்கா உப்பளத்தில் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஒரு பிடி உப்பை உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி விரலால் உருட்டிப் பார்த்து, இது எந்தப் பாத்தி உப்பு, எந்த வாரம் வாரியது என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. குருவிக்குக் காலில் நூல் கட்டலாமா என்று பேச்சு வந்தபோது அவள்தான் வேண்டாம் என்றாள்.

"நூலு எதுக்கு? இடது றெக்கையில ஒத்தை இறகு இல்ல. தத்துனா வலது காலுதான் முதல்ல. ஆயிரம் குருவிய கொண்டாந்து கொட்டு, நம்ம குருவிய நான் எடுத்துத் தர்றேன்."

ஊரே அதை நம்பியது. நானும் நம்பினேன்.

குணசீலன் மட்டும் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்கேயே தங்காதும்மா. தின்னு உடம்புல கொழுப்பு சேந்ததும் தெக்க கெளம்பிரும். கடலைத் தாண்டிப் போறதும் உண்டு."

அன்றைக்கே என் வீட்டுக்காரர் கஸ்பார் பழைய வலையை வைத்து ஒரு கூண்டு கட்டினார். குருவியைப் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் தூளியில் அமலியின் கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. புரள முடியவில்லை. அழ வாயைத் திறந்தாள், அழுகை வரவில்லை. கதவைத் திறக்கப் பொறுமையில்லாமல் கஸ்பார் கூண்டையே காலால் மிதித்து உடைத்தார். குருவி வேலிக்குள் தத்தி ஓடியது, அமலியின் அழுகை வெளியே வந்தது.

ஐப்பசி நடுவில் புயல் சின்னம் வந்தது. இரண்டு பகல் இரண்டு ராத்திரி வாடைக்காற்றும் மழையும். முறைக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார்கள், ஆனால் குருவி தென்படவில்லை. அமலி உடம்பு சில்லிட்டுப் போய், பால் குடிக்காமல், என் நெஞ்சோடு சுருண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் விடியலில் காற்று யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றது. மழை சன்னமாகியது. அப்போது வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது, நெல் கொட்டுகிற மாதிரி, நிறைய பேர் மூச்சை அடக்கி நடந்து வருகிற மாதிரி. நான் பிள்ளையைத் துப்பட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

குருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

உப்பு அம்பாரங்களின் கீற்றுமேல் இறங்கின, வரப்பில் இறங்கின, மின்கம்பியில் இடமில்லாமல் கம்பி தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது, மாங்குயில் மஞ்சளாக இறங்கியது, தகைவிலான் கறுப்பாக இறங்கியது, நீள வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் நனைந்த ரிப்பனைப் போல இறங்கியது, வாலாட்டியும் கீச்சானும், பேர் தெரிந்ததும் பேர் தெரியாததும், உள்ளங்கையளவும் கட்டைவிரலளவும், இமயமலையிலிருந்தும் அதற்கும் அப்பால் நாங்கள் பூகோளப் படத்தில் மட்டும் பார்த்த ஊர்களிலிருந்தும் வந்து, ரேஷன் கடைச் சாக்குமேலும் பள்ளிவாசல் படியிலும் குருசடியில் மாதா சிலையின் இரண்டு கையிலும், நின்றிருந்த மாட்டின் முதுகிலும், பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் தோளிலும் இறங்கின. எங்களைப் பார்த்துப் பயப்படுகிற தெம்பு அவற்றுக்கு இல்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று தொங்கியது. மூன்றே மூன்று வெற்றிலைக் கனம்கூட இருக்காது. இந்தக் கனத்தை வைத்துக்கொண்டா அவ்வளவு தூரம் வந்தது என்று ஈரத்தில் மண்டியிட்டேன். ஊரே வாசலில் நின்றது.

அமலியின் உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அக்கா!" என்று கத்தினேன். "அக்கா, நம்ம குருவிய எடுங்க! சீக்கிரம்!"

தையல்நாயகி அக்கா வேலியை நோக்கி ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். சீமைக்கருவைக்கு அடியில் சருகுமேல் ஓர் ஆறுமணிக் குருவி கண்மூடிக் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதன் பின்னால் எட்டு. கிளையை விலக்கினால் நாற்பது, அதற்கப்பால் வேலி முழுக்க, வாய்க்கால் கரை முழுக்க, பச்சை முதுகும் மைக் கண்ணுமாக நூறு, இருநூறு. ஒவ்வொன்றாக எடுத்து இடது இறக்கையை விரித்தாள். காற்று எல்லாவற்றிலும் இறகைப் பிய்த்திருந்தது. தத்த வைத்துப் பார்க்க ஒன்றுக்கும் காலில் வலுவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உப்பை உருட்டுவதுபோல ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினாள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது.

"தெரியலடி எமல்டா. எல்லாம் நம்மளுது மாதிரியே இருக்கு."

கஸ்பார் ஒரு குருவியைச் சட்டைக்குள் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அமலியின் முகத்தைப் பார்த்தார். மாற்றமில்லை. அதை விட்டு இன்னொன்றை எடுத்தார். நானும் எடுத்து எடுத்து ஊதினேன், எடுத்து எடுத்துப் போட்டேன். இதுவா, இதுவா, இதுவா. பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்தேன். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமாகியது.

ஜெகபர் பாய்தான் அதட்டினார். "தேடாதீங்க! தேடிக் கண்டுபுடிக்கிறதுக்குள்ள அது செத்துரும். அம்புட்டையும் அள்ளுங்க!"

"ஆறுமணிக் குருவிய மட்டுமா பாய்?"

"பேர் பாத்துப் பிரிக்க நேரமில்ல. றெக்கை உள்ளது எதுவும் வெளில கெடக்கப்படாது."

அள்ளினோம். உப்புக் கூடையில் அள்ளினோம், பனையோலைப் பெட்டியில் அள்ளினோம், முந்தானையை மடியாகக் கட்டி அதில் அள்ளினோம். பூனைகளைத் திறந்துவிட்டுக் கோழிக்கூடைகளை எடுத்தார்கள்; பதினொரு பூனையும் ரேஷன் கடை வாசலில் ஒரே சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்து, இது தங்கள் வேலை நாளில்லை என்பதுபோல நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளிவாசல் பாயை விரித்தார்கள், கோயில் விளக்கையெல்லாம் ஏற்றி நடுவில் வைத்தார்கள், பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கடியில் வைக்கோல் போட்டார்கள், டீக்கடை அடுப்பைச் சுற்றி அடுக்கடுக்காகக் கூடை. நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியில் வெந்நீர்ப் புட்டியைப் போட்டுக் கட்டைவிரல் குருவிகளை அதில் வைத்தார். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி பட்டுப்புடவையை அவிழ்த்துக் கூடையை மூடிவிட்டுப் பாவாடை ரவிக்கைமேல் துண்டோடு நின்றாள். மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசாதவள் மாமியார் மடியில் குருவியைக் கொட்டினாள். ஊருக்குள் எத்தனையோ வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் ஒரே கூடையின் இரண்டு காதைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டோம்.

கூடைகள் நிறைய நிறைய அமலியின் உள்ளங்கால் வெதுவெதுப்பானது. எந்தக் குருவி எந்தக் கூடையில் சூடேறியதோ எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து அவள் ஒரு தும்மல் போட்டாள். உதட்டில் நீலம் போய் ரத்தம் வந்தது. நான் அழுதேன், அவளும் அழுதாள். அவள் அழுகையைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நின்ற கஸ்பார் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

பத்து மணி வாக்கில் வெயில் வந்தது. நனைந்த கீற்றெல்லாம் புகைந்தது. குணசீலன் கையைக் காட்ட, எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன, எல்லாக் கூடையும் நிமிர்ந்தன. முதலில் ஒன்றிரண்டு வாசல்படிக்கு வந்து இறகைக் கோதின. பிறகு ஒரு சொடுக்கில் தரை எழுந்து மேலே போனதுபோல இருந்தது. எங்கள் முடி, துணி, மூடியிருந்த சாக்கு எல்லாம் அந்தக் காற்றில் மேல்நோக்கி நின்றன. மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் கறுப்புமாக ஊருக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி வெயிலை மறைத்து, வெயிலை விட்டு, தெற்கே திரும்பின. என் கையில் அமலியின் கனம் குறைந்தது. பஞ்சுத் தலையணை அளவு, பிறகு தலையணை உறை அளவு. நான் இறுக்கிப் பிடித்தேன். அவள் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கடல்மேல் அவை ஒரு கோடாகி, கோடும் கரைந்த பிறகுதான் அவள் கனம் மெள்ளத் திரும்பி என் இடுப்பில் இறங்கியது.

அப்போது உப்பளத்துப் பக்கமிருந்து குணசீலன் வந்தார். வலது கை மூடியிருந்தது. நடையைப் பார்த்ததுமே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வழி விட்டார்கள். என் முன்னால் வந்து நின்றார், ஆனால் கையைத் திறக்கவில்லை.

"தொறங்க" என்றேன்.

ஓர் ஆறுமணிக் குருவி. வரப்புக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடந்ததாம், யார் கண்ணிலும் படாமல். இடது இறக்கையில் ஓர் இறகு இல்லை.

எத்தனை கண்கள் அமலியின்மேல் விழுந்தன! நான் மூக்கடியில் விரல் வைத்தேன். தேவையே இருக்கவில்லை, அவள் என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள்.

"நம்மளுது இல்ல!" என்று தையல்நாயகி அக்கா கூவினாள். "நம்மளுது இல்லடி! ஆத்தா காப்பாத்திட்டா!" யாரோ கை தட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். கஸ்பார் பிள்ளையின் காலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜெகபர் பாய் மட்டும் குணசீலனின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இது யாரு வூட்டுப் புள்ள?" என்றார்.

சிரிப்பு நின்றது. கைதட்டியவர்கள் கையைப் பிரிக்க மறந்து நின்றார்கள். ஒவ்வொருத்தராக, குருவிகள் வந்த வடக்கே திரும்பினோம். அங்கே உப்பளமும் அதற்கப்பால் ஈரமான வெயிலும்தான் தெரிந்தன.

பால்குடிப் பிள்ளை தவறினால் எங்கள் ஊரில் எந்தச் சாமி, எந்தச் சடங்கு என்று பார்ப்பதில்லை. மேற்கே மேட்டில் குழி வெட்டி, பெற்றவளின் பாலை உதட்டில் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் மண் தள்ளுவார்கள், பசியோடு அனுப்பக்கூடாது. கைப்பிள்ளைக்காரி வேறொருத்தி அந்த மேட்டுப் பக்கம் தன் நிழலைக்கூட விடமாட்டாள். சாவு பாலின் ருசி கண்டால் வீடு தேடி வரும் என்பார்கள்.

கஸ்பார் அந்த மேட்டிலேயே சாண் ஆழத்துக்குக் குழி தோண்டினார். தையல்நாயகி அக்கா தன் முந்தானையில் கிழித்த துணியில் குருவியைச் சுற்றினாள், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. பிறகு யாரும் மண் தள்ளவில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டார்கள். அன்றைக்கு ஊரில் பால் உள்ளவள் நான் ஒருத்திதான்.

நான் மேட்டில் ஏறியதும் கஸ்பார் ஓடிவந்து கையைப் பிடித்தார். "வேணாம் எமல்டா. நமக்குப் புள்ள இருக்கு."

"அதனாலதாங்க" என்றேன்.

பெண்கள் என்னைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். அமலியை இடப்பக்கம் குடிக்கப் போட்டேன். குனிந்து வலப்பக்கத்தைக் குழிக்கு நேரே பிடித்தேன். பயத்தில் முதலில் வரவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஊரில், எந்தப் பாஷைக்காரியோ, விரலை மூக்கடியில் வைத்து எடுக்காமல் உட்கார்ந்திருப்பவளை நினைத்தேன். வந்தது. ஒரு சொட்டு மூடிய அலகின்மேல் விழுந்து உருண்டு, மைக்கோட்டின் ஓரத்தில் நின்றது. இன்னொன்று விட்டேன்.

பயம் போகவில்லை. எங்கள் குருவி அந்த நேரம் கடல்மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அது எந்தக் கரையில் இறங்கும், யார் வேலியில் விழும், அந்த ஊரில் எத்தனை பூனை, கூடை வைத்திருப்பார்களா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தையல்நாயகி அக்கா இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடப்பக்கத்தில் அமலி குடிப்பதை நிறுத்தவில்லை.